வாசகர் கேள்வி – பதில்: பாஸ்பரஸ் எலும்புக்கு எதிரியா?

எலும்புத் தேய்மானம், கால்சியம் மாத்திரை பற்றி எழுதிக் கேட்பவர்களில் பலர் இப்போது பாஸ்பரஸைப் பற்றியும் கேட்கிறார்கள். கேள்விகளில் பயமே அதிகம் தெரிகிறது. யார் பயப்பட வேண்டும், யாருக்கு அது தேவையே இல்லை என்பதைப் பிரித்துச் சொல்வதற்காக, வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

வாசகி, வயது 58, கும்பகோணம்: மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆகிறது. எலும்பு அடர்த்தி குறைவாக இருக்கிறது என்று கால்சியமும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பாஸ்பரஸ் எலும்பில் உள்ள கால்சியத்தை உருவிவிடும், பருப்பு, பால், முட்டை மூன்றையும் நிறுத்து என்கிறார் என் நாத்தனார். சர்க்கரை, பிரஷர் இல்லை. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் சரியாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள் அம்மா. உங்கள் நிலையில் இந்த மூன்றையும் விட்டால்தான் எலும்புக்குக் கேடு.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். எலும்பைக் கெட்டியாக்கும் தாதுவில் பத்துக் கால்சியம் அணுவுக்கு ஆறு பாஸ்பரஸ் அணு என்ற கணக்கில் இரண்டும் சேர்ந்தே அமர்கின்றன. கால்சியத்தை மட்டும் கொட்டிக்கொடுத்து எலும்பு கட்ட முடியாது. சிமென்ட் இருந்து மணல் இல்லாத கொத்தனார் நிலைமைதான் உடலுக்கு.

உங்கள் நாத்தனார் சொன்னதற்கு ஒரு மூலம் உண்டு. பாஸ்பரஸ் அதிகமாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் சாப்பிட்டால் பாராதைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்யும். ரத்தத்தில் கால்சிய அளவு இறங்காமல் காப்பதற்காக அது எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இதில் திருத்த வேண்டியது கால்சியக் குறைவை. கால்சியம் போதுமான அளவு வந்தால், சாதாரணச் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸ் எலும்பை அரிக்காது.

உங்கள் ஊர்ச் சாப்பாட்டையே கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு அரிசி 250 கிராம், துவரம்பருப்பு 60 கிராம், இட்லி தோசை மாவில் சேரும் உளுந்து 30 கிராம், பாலும் தயிருமாக 400 மில்லி, கொஞ்சம் காய்கறி. பாஸ்பரஸ் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் வந்துவிடும். அமெரிக்கப் பரிந்துரைப்படி வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 700 மில்லிகிராம் போதும். பாதுகாப்பான உச்ச வரம்பு 70 வயது வரை 4000, அதற்கு மேல் 3000. நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. இதே சாப்பாட்டில் கால்சியம் 600 – 650 மில்லிகிராம்தான் தேறும், அதில் 480 பாலிலிருந்து வருவது. உங்கள் வயதுக்குத் தேவை 1000 முதல் 1200. பாலை நிறுத்தினால் மிஞ்சுவது 200க்கும் கீழே.

இன்னொன்று. தானியம், பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி நம் குடலில் போதுமான அளவு இல்லை. அதனால் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேரும். ஊறவைத்தால், முளைகட்டினால், மாவைப் புளிக்கவைத்தால் இந்தக் கட்டு ஓரளவு அவிழும். பைட்டேட் பிடித்துவைத்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் அப்போது கூடக் கிடைக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இது லாபம்தான்.

செய்ய வேண்டியது கால்சியத்தை ஏற்றுவது. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அகத்திக்கீரையில் அதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். முருங்கைக்கீரையும் நல்லது. எள்ளுப்பொடியில் ஒரு மேசைக்கரண்டியே 100 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கும். அசைவம் உண்டென்றால் முள்ளோடு சாப்பிடும் நெத்திலி. மாத்திரை கால்சியம் கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். ஒரே வேளையில் 1000 போட்டால் கூடுதலாகப் போட்டதில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலே போய்விடும். பருப்பையும் முட்டையையும் விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் புரதம். எலும்பின் நாரும் தசையும் அதனால் ஆனவை. வயதானவர்கள் விழுவதற்குத் தசை இளைப்பு ஒரு பெரிய காரணம்.

வாசகர், திண்டுக்கல்: என் மனைவிக்கு வாரம் ஒரு முறை போடும் எலும்பு மாத்திரையை "பிஸ்பாஸ்பனேட்" வகை என்கிறார்கள். பெயரிலேயே பாஸ்பரஸ் இருக்கிறதே, சேருமா?

சேரும். அது எலும்பைக் கரைக்கும் செல்களை அடக்கும் மருந்து. அதில் உள்ள பாஸ்பரஸ் இருபது மில்லிகிராமுக்கும் கீழேதான், ஒரு டம்ளர் பாலில் அதைப் போலப் பல மடங்கு உண்டு. கவனிக்க வேண்டியது போடும் முறையை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். காபி, பால், கால்சியம் மாத்திரையோடு சேர்த்தால் மருந்து உடலில் ஏறவே ஏறாது. உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

வாசகி, மதுரை: அம்மாவுக்கு 67 வயது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ரத்தத்தில் பாஸ்பரஸ் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு. பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையில் பிரஷர் மாத்திரையோடு பாஸ்பரஸ் குறைக்கும் மாத்திரையும் கொடுக்கிறோம். தெம்புக்கு மால்ட் பானம், பிஸ்கட், சீஸ் வைத்த ரொட்டி. அம்மா மெலிந்துகொண்டே போகிறார், ஆனால் பாஸ்பரஸ் இறங்கவில்லை. எங்கே தப்பு?

உங்கள் கடிதத்திலேயே இரண்டு தப்புகள் தெரிகின்றன, இரண்டையும் இந்த வாரமே சரிசெய்துவிடலாம். அதற்கு முன் ஒரு கணக்கு.

உங்கள் அம்மா நாளொன்றுக்கு 900 மில்லிகிராம் பாஸ்பரஸ் சாப்பிட்டு, அதில் 60 சதவீதம் உடலில் சேர்ந்தால் வாரத்துக்கு 3800 அளவில் உள்ளே போகிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ 800 மில்லிகிராமை வெளியேற்றும். இரண்டு முறைக்கு 1600. சிறுநீர் அதிகம் போகாதவர் என்றால் வாரத்துக்கு 2000க்கு மேல் பாக்கி நிற்கிறது. இந்தப் பாக்கியை அடைக்கச் சாப்பாட்டுத் தேர்வும் மாத்திரையும்தான் வழி. அடைக்காவிட்டால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பைக் கரைக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியமும் பாஸ்பரஸும் சுண்ணாம்புபோலப் படியும். அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும் இதற்கும் பங்கு உண்டு.

முதல் தப்பு மாத்திரை போடும் நேரம். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரைகள் – கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர், லாந்தனம் – ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை. இரைப்பையிலும் குடலிலும் உணவோடு கலந்து, அங்கேயே பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுபவை. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க அங்கே ஒன்றும் இருக்காது. கால்சிய வகை மாத்திரையானால் கால்சியம்தான் வீணாக ரத்தத்தில் ஏறும். இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டதும் போடுங்கள், அல்லது சாப்பாட்டின் நடுவில். செவலமரை உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். லாந்தனத்தை நன்றாக மென்று தின்ன வேண்டும், அப்படியே விழுங்கினால் பலன் குறையும். எந்த வேளையில் அதிகம் சாப்பிடுகிறாரோ அந்த வேளைக்கு அதிகம் என்று மாத்திரையைப் பிரித்துத் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பலருக்குக் காலை, மதியம், இரவு ஒரே அளவு என்று எழுதியிருக்கும், சாப்பாடோ மதியம்தான் பெரியது. தைராய்டு மாத்திரை எடுப்பவர் என்றால் அதற்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இரண்டாவது தப்பு, நல்ல உணவை நிறுத்திவிட்டுப் பாக்கெட்டைத் திறந்தது. பருப்பில் உள்ள பாஸ்பரஸில் பாதிக்குக் கீழே, மீன் இறைச்சியில் பாதிக்குச் சற்று மேலே உடலில் சேரும். தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் எதனோடும் கட்டப்படாதவை, தண்ணீரில் கரைந்தவுடனே உறிஞ்சப்படத் தயாராக இருப்பவை. 90 சதவீதம் வரை ஏறிவிடும். பதப்படுத்திய சீஸ் உருகும்போது எண்ணெய் பிரியாமல் இருக்க, உறைந்த கோழித் துண்டில் தண்ணீர் நிற்க, கேக் உப்ப, பொடி கட்டிப்போகாமல் இருக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்பேட் உண்டு.

நம் நாட்டு லேபிளில் பாஸ்பரஸ் இத்தனை மில்லிகிராம் என்று அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை. சத்து அட்டவணையில் தேடினால் கிடைக்காது. சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் எண்களை, அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்களைப் பாருங்கள்: 338, 339, 340, 341, 343, 450, 451, 452, 541. இதில் எந்த எண் இருந்தாலும் பாக்கெட்டைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. ஆப்ப சோடாவில் பாஸ்பேட் கிடையாது, ஆனால் சோடியம் உண்டு. பேக்கிங் பவுடர் பலவற்றில் பாஸ்பேட் உண்டு.

புரதத்தைத் திரும்பக் கொண்டுவருவது அவசரம். டயாலிசிஸ் நோயாளிக்குப் புரதத் தேவை மற்றவர்களைவிட அதிகம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெளியே போகிறது. முட்டையில் வெள்ளைக்கருவில் மூன்றரை கிராம் புரதம் இருக்கிறது, பாஸ்பரஸ் வெறும் 5 மில்லிகிராம். மஞ்சள் கருவில் 65க்கு மேல். ஆகவே வெள்ளைக்கரு இரண்டோ மூன்றோ, நன்றாக வேகவைத்துத் தினமும் கொடுக்கலாம். இவ்வளவு நல்ல கணக்கில் வரும் உணவு வேறு இல்லை. மீனில் நெத்திலி, கருவாடு வேண்டாம். முள் நீக்கிய பெரிய மீன் துண்டு, அல்லது உறையவைக்காத கோழி, கைப்பிடி அளவு. பால், தயிர் சேர்த்து 150 – 200 மில்லி.

பருப்பை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்து வேகவிட்டால் எதுவும் வெளியேறாது, கரைந்தது திரும்பப் பருப்பிலேயே நிற்கும். வடித்த பருப்புத் தண்ணீரில் ரசம் வைப்பது பழக்கம், அதை விட்டாக வேண்டும். இறைச்சியைச் சிறு துண்டாக்கி பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழம்பில் போடுங்கள். இந்த முறையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பாஸ்பரஸ் குறையும், பொட்டாசியமும் குறையும். ருசி குறையும் என்பது உண்மை. புளி, மிளகு, சீரகம், பூண்டால் ஈடுகட்டலாம். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதை வாங்காதீர்கள், அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. உங்கள் அம்மாவுக்கு இதயத்தையே நிறுத்தக்கூடியது.

நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யுங்கள். டயாலிசிஸில் உள்ளவர்களுக்குப் பல மருத்துவர்கள் 5.5க்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள். இறங்கவில்லை என்றால் பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனையும், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்ற பேச்சும் அடுத்த படி.

வாசகர், வயது 45, கோவை: முழு உடல் பரிசோதனையில் பாஸ்பரஸ் 4.8 என்று சிவப்பில் போட்டிருக்கிறது. மற்றவை எல்லாம் சரி.

வழக்கமான அளவு 2.5 முதல் 4.5. ரத்தம் எடுத்து நெடுநேரம் பிரிக்காமல் வைத்திருந்தாலோ, சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலோ அவற்றுக்குள் இருந்த பாஸ்பரஸ் வெளியேறி அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அப்போது பொட்டாசியமும் கூடித் தெரியலாம், பாருங்கள். பகலில் காலையில் குறைந்தும் மதியத்துக்கு மேல் ஏறியும் இருப்பது இதன் இயல்பு. காலை வெறும் வயிற்றில் கிரியாட்டினின், கால்சியத்தோடு மறுபடி ஒரு முறை எடுங்கள். அப்போதும் 4.5ஐத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகம் கணிசமாகக் கெட்ட பிறகே ரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறும். அதனால் அளவு சரியாக இருப்பதை வைத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாசகி, சேலம்: கல்லூரியில் படிக்கும் மகள் தினமும் கோலா குடிக்கிறாள். அதில் உள்ள பாஸ்பாரிக் அமிலம் எலும்பைக் கரைக்குமா? கோலி சோடாவும் அப்படித்தானா?

கோலி சோடாவில் கரியமில வாயுவும் தண்ணீரும்தான், பாஸ்பாரிக் அமிலம் இல்லை. கோலாவில் உண்டு, லேபிளில் 338 என்று இருக்கும். ஆனால் 300 மில்லி கோலாவில் வரும் பாஸ்பரஸ் 30 – 40 மில்லிகிராம் அளவுதான். ஒரு டம்ளர் பாலில் 190 இருக்கிறது. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் ஆய்வில் 2006இல் வெளியான முடிவு, தினமும் கோலா குடித்த பெண்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி சற்றுக் குறைவாக இருந்ததைக் காட்டியது. ஆண்களிடம் அப்படித் தெரியவில்லை, மற்ற சோடா பானங்களிலும் தெரியவில்லை. கோலாதான் காரணம் என்று இதை வைத்து அறுதியிட முடியாது. எங்கள் கவலை வேறு: அந்த பாட்டில் எதன் இடத்தைப் பிடிக்கிறது என்பது. இருபத்தைந்து, முப்பது வயதுக்குள் சேர்க்கும் எலும்புதான் பிற்காலத்துக்குக் கையிருப்பு. இந்த வயதில் மோருக்கும் பாலுக்கும் பதில் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால், பாஸ்பரஸ் இல்லாவிட்டாலும் எலும்புக்கு நஷ்டம்தான்.

வாசகர், சென்னை: பாஸ்பரஸ் முதுமையை விரைவாக்கும் என்று படித்தேன். எந்த அளவுக்கு உண்மை?

எலியில் உறுதியாகத் தெரிந்த விஷயம். 1997இல் ஜப்பானில் மகோட்டோ குரோ-ஓ குழுவினர் ஒரு மரபணு வேலை செய்யாத எலிகளைப் பற்றி எழுதினார்கள். அவை சில வாரங்களிலேயே கிழடாகிவிட்டன. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு, எலும்பில் தேய்மானம், தோல் மெலிவு, குறைந்த ஆயுள். ஆயுள் நூலை நூற்கும் கிரேக்கத் தேவதையின் பெயரால் அந்த மரபணுவுக்கு "குளோதோ" என்று பெயரிட்டார்கள். பின்னால்தான் காரணம் தெளிவானது. எலும்புச் செல்கள் சுரக்கும் எப்ஜிஎப்-23 என்ற ஹார்மோன் சிறுநீரகத்திடம் "பாஸ்பரஸை வெளியேற்று" என்று சொல்கிறது. அந்தச் செய்தியைச் சிறுநீரகம் கேட்கக் குளோதோ வேண்டும். அது இல்லாத எலியில் பாஸ்பரஸ் தேங்கிவிட்டது. பாஸ்பரஸ் குறைந்த தீனி கொடுத்ததும் பல முதுமைக் குறிகள் தணிந்தன. எலும்பு வெறும் சட்டகம் அல்ல, ஒரு சுரப்பியும்கூட என்று காட்டிய கண்டுபிடிப்பு இது, எங்களுக்கு மிகவும் பிடித்த கதை.

மனிதனில் சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தக்குழாய்கள் வயதுக்கு மீறி முதிர்வதில் இதே வழிமுறை தெரிகிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர் சாப்பாட்டில் பாஸ்பரஸைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வயதோடு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் மெல்லக் குறைவது நிஜம். ஆகவே அறுபதுக்கு மேல் பாக்கெட் உணவைக் குறைப்பது நியாயம், பருப்பையும் பாலையும் குறைப்பது நியாயம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே சிறுநீரகத்தைக் காப்பாற்றும்.

வாசகர், திருநெல்வேலி: அப்பாவுக்கு 72 வயது. தொடை, விலா எலும்பில் வலி, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. பாஸ்பரஸ் 1.7. எலும்புப்புரை என்றுதான் வைத்தியம் நடக்கிறது. வாயுத் தொல்லைக்குப் பல வருடமாகத் தினமும் நாலைந்து முறை அமிலம் தணிக்கும் டானிக் குடிக்கிறார். பாஸ்பரஸ் குறைவதும் ஆபத்தா?

ஆபத்துதான், அதைச் சொல்ல ஆளில்லாமல் பலர் கஷ்டப்படுகிறார்கள். அந்த டானிக்கில் அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே டயாலிசிஸ் அம்மாவுக்கு வேண்டுமென்றே செய்ததை இது உங்கள் அப்பாவுக்கு வேண்டாமலே செய்கிறது: சாப்பாட்டுப் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றுகிறது. வருடக்கணக்கில் நடந்தால் எலும்பு கெட்டிப்படத் தாது கிடைக்காமல் மென்மையாகிவிடும். எலும்புப்புரையில் எலும்பே குறைவு. இதில் எலும்பு இருக்கும், அதில் தாது இராது. அடர்த்தி ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி குறைவாகக் காட்டும், அங்கேதான் குழப்பம். எலும்பு முறியாமலே நாளெல்லாம் வலிப்பதும், தொடைத் தசை பலமிழப்பதும், வாத்து நடையும் மென்மையாதலைக் காட்டுபவை. இதைக் கண்டுபிடிக்காமல் பிஸ்பாஸ்பனேட் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், சிறுநீரில் பாஸ்பரஸ் ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். ரத்தத்தில் குறைந்து சிறுநீரிலும் குறைவாக இருந்தால் உள்ளே வரவு இல்லை என்று பொருள், டானிக் மேல் சந்தேகம் வலுக்கும். சிறுநீரில் நிறையப் போனால் சிறுநீரகம் கசியவிடுகிறது. மஞ்சள் காமாலை பி வகைக்குத் தரும் டெனோபோவிர் மாத்திரையும், நரம்பில் ஏற்றும் பெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தும் அப்படிச் செய்யக்கூடும். அரிதாக உடலில் எங்கோ ஒரு சிறு கட்டி எப்ஜிஎப்-23ஐ அளவுக்கு மீறிச் சுரக்கும், அதை எடுத்தால் நோய் தீரும். பாஸ்பேட் பொடியை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், வயிற்றுப்போக்கு வரும், கால்சியமும் இறங்கும். டானிக்கை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற டாக்டரிடம் கேட்டு, அரை லிட்டர் பால், இரண்டு முழு முட்டை, மீன் என்று சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள்.

வாசகி, புதுச்சேரி: 80 வயது மாமியாருக்கு மலச்சிக்கல். மருந்துக்கடையில் சோடியம் பாஸ்பேட் எனிமா பாட்டில் கொடுக்கிறார்கள். ஒன்று பலிக்காவிட்டால் இன்னொன்று போடலாமா?

போடக் கூடாது. உள்ளே போன பாஸ்பேட் வெளியே வராமல் தங்கினால் குடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சில மணி நேரத்தில் ரத்தப் பாஸ்பரஸ் பல மடங்கு ஏறி, கால்சியம் சரிந்து, இதயத் துடிப்பு தடுமாறும், சிறுநீரகம் பழுதாகும். இப்படிப்பட்ட சாவுகளைக் கண்டு 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 24 மணி நேரத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்றும், 55 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும் என்றும் எச்சரித்தது. சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், நீர் வறட்சி உள்ளவர்களுக்கு ஒன்றுகூட வேண்டாம். போட்டு அரை மணி நேரத்தில் வெளியேறாவிட்டால் காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள். பதிலுக்கு இரவில் லாக்டுலோஸ் அல்லது ஆசனவாயில் வைக்கும் கிளிசரின் மாத்திரை பற்றிக் கேளுங்கள், அவற்றில் பாஸ்பேட் கிடையாது. அவர் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பட்டியலையும் எடுத்துப் போங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளாலேயே மலம் கட்டிப்போவது இந்த வயதில் சாதாரணம்.